கருகிய வால்வும் கருக்கிய கண்டென்சரும்: கோத்தகிரி ரேடியோ ஒன்றின் முழு ரிப்பேர் கதை

ஒரே ரேடியோவில், ஒரே சாக்கெட்டில், வால்வு (பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழாய்) இரண்டு தடவை போயிருக்கிறது என்றால் மூன்றாவது வால்வு வாங்குவதற்கு முன்னால் அந்தச் சாக்கெட்டுக்கு என்ன வோல்ட்டேஜ் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். பழைய செட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: கருகிய பாகத்தை மாற்றியிருப்பார்கள், அதைக் கருக்கிய பாகம் பக்கத்திலேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த ஒரு செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எதை அளந்தேன், எதை மாற்றினேன், எதைத் தொடவே இல்லை என்று ரீடிங்குகளோடு முழுசாக எழுதுகிறேன்.

செட் ஒரு மரப்பெட்டி மேசை ரேடியோ. ஆறு வால்வு, மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு. பின்மூடி இல்லை, கம்பெனி பேட்ஜ் உதிர்ந்துவிட்டது, சர்க்யூட் தாள் கிடையாது. கொண்டுவந்த அண்ணன் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் குடியிருப்பில் இருப்பவர். 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காகத்தான் நீலகிரியில் இந்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, அவர்களுடையதும் அப்படி வந்த குடும்பம். அவர் அப்பா ஹட்டன் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது தையல் மிஷினோடு சேர்ந்து இறங்கியது இந்த ரேடியோ. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் கரண்ட் இல்லாத காலம் அது, ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்ததால்தான் கரண்டில் ஓடும் செட்டை வாங்க முடிந்தது என்று பெரியவர் சொல்வாராம்.

புகார் என்னவென்றால், ஸ்விட்ச் போட்டால் ரேடியோ பாடும், முதல் பத்து நிமிஷம் நன்றாகவே பாடும், அப்புறம் சத்தம் மெல்ல மெல்லக் கரகரத்து, பாட்டு பாட்டாக இல்லாமல் போய், மெழுகு உருகும் வாடை வரும். கீழே ஊரில் ஒரு கடையில் கொடுத்து அவுட்புட் வால்வை மாற்றியிருக்கிறார்கள், கொஞ்ச காலம் ஓடியது, மறுபடி அதே கதை, மறுபடி வால்வு. இந்தத் தடவையும் அண்ணன் வரும்போதே முடிவோடுதான் வந்தார்.

"தம்பி, அந்த பெரிய வால்வுதான் போயிருக்கு. அத மட்டும் மாத்திக் குடுத்தா போதும்."

"மாத்திடலாம் அண்ணே. ஆனா அது ஏன் போகுதுன்னு பாக்காம மாத்துனா, அடுத்த மழைக்குள்ள மறுபடி தூக்கிட்டு வருவீங்க. ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும்."

சர்க்யூட் தாள் இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. ஐரோப்பிய வால்வுகளின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி சர்க்யூட் கைக்கு வந்துவிடும். முதல் எழுத்து வால்வை உள்ளே சூடாக்கும் ஹீட்டரைச் சொல்லும்: ஈ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், யூ என்றால் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோர்த்து எரியும் ஹீட்டர். அடுத்த எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். எண் 8-ல் ஆரம்பித்தால் ஒன்பது பின் கொண்ட நோவல் பேஸ். இந்தச் செட்டில் இருந்தவை: அலைவரிசையைக் கலந்து மாற்ற ஈசிஹெச்81, அப்படி மாற்றிய இடை அலைவரிசையை (ஐஎஃப்) பெருக்க ஈஎஃப்89, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டரும் முதல் ஆடியோவும் சேர்ந்த ஈபிசி81, அவுட்புட்டுக்கு ஈஎல்84, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஈசெட்80, பச்சையாக எரிந்து ட்யூனிங் காட்டும் ஈஎம்84. எல்லாமே ஈ வரிசை, பவர் டிரான்ஸ்பார்மரும் இருக்கிறது, ஆகவே பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேஸிஸ் மெயின்ஸிலிருந்து பிரிந்தே இருக்கிறது. யூ வரிசை வால்வுகளைப் பார்த்தால் மட்டும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏசி/டிசி செட்டுகளில் மெயின்ஸின் ஒரு கம்பி நேராக சேஸிஸுக்கே போகும், ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அந்த வகைச் செட்டை பெஞ்சில் வைக்கவே கூடாது.

கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. மெயின்ஸ் வயரின் ரப்பர் தோல் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது, அதை முதலில் வெட்டிப் போட்டேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். எண்பது ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றுவதற்காக இல்லை அந்த ஃபியூஸ், இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்காத டிரான்ஸ்பார்மரையும் வீட்டையும் காப்பாற்றத்தான். பேண்ட் சுவிட்சில் புகைக்கரி படிந்திருந்தது, ரேடியோ அடுப்படியை ஒட்டிய அலமாரியில் இருந்திருக்கிறது. வால்வுகளின் கண்ணாடி உச்சியில் உட்புறம் படிந்திருக்கும் வெள்ளிப்பூச்சைப் பாருங்கள், கெட்டர் என்பார்கள். அது கண்ணாடி போல் பளபளவென்றோ கொஞ்சம் பழுப்பாகவோ இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பாலைப் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வைச் சோதிக்கவே வேண்டாம். ஆறிலும் கெட்டர் நன்றாக இருந்தது, மூன்றாவதாகப் போட்ட ஈஎல்84 உட்பட.

அடுத்தது டிரான்ஸ்பார்மர். ரெக்டிஃபையரைக் கழற்றி வைத்துவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு ஸ்விட்ச் போட்டேன். பல்பு லேசாகச் சிவந்து நின்றது, டயல் விளக்குகள் மங்கலாக எரிந்தன, வாடை இல்லை, சூடு இல்லை. உள்ளே ஷார்ட் இருந்தால் சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். இதற்கு எல்இடி பல்பு உதவாது, ஃபிலமெண்ட் பல்புதான் வேண்டும். கடைகளில் இப்போது அது அரிதாகிக்கொண்டு வருகிறது, கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி 300 ஓம் காட்டியது. அத்தனை நாள் வெந்தும் அது உயிரோடு இருந்தது இந்த வேலையில் கிடைத்த பெரிய நிம்மதி.

இப்போது டிசியில் மிஞ்சும் இரைச்சலை வடிக்கும் ஃபில்ட்டர் கண்டென்சர். ஒரே அலுமினிய டப்பாவுக்குள் 50+50 மைக்ரோ ஃபாரட், 350 வோல்ட். மீட்டரில் வைத்தால் ஒரு பாதி 78 காட்டியது. அச்சடித்ததைவிட அதிகமாகக் காட்டுகிறதே, ரொம்ப நல்ல நிலையில் இருக்கிறது போல என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கசிவு இருந்தால் மீட்டர் ஏமாந்து கூடுதலாகக் காட்டும். ரொம்ப நாள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வோல்ட்டேஜ் ஏற்றி மீட்கிற வழி உண்டு, சில டப்பாக்கள் மீளவும் மீளும். இது மீளவில்லை. கசிவு குறையாமல் நின்றது, டப்பா கைக்குச் சூடாகத் தெரிந்தது. அதனால் டப்பாவை அழகுக்காக மேலேயே விட்டுவிட்டு, கீழே அதன் கால்களிலிருந்து எல்லா வயரையும் எடுத்து, 47 மைக்ரோ ஃபாரட் 450 வோல்ட் புதியது இரண்டைத் தனிக் கம்பிப் பட்டையில் கட்டினேன். பழைய டப்பா இருக்கும்போதே புதியதை அதன் மேலேயே சேர்த்துக் கட்டுவது வேலையில்லை, கசிவு கசிவாகவே இருக்கும்.

இங்கே ஒரு ஆசையை அடக்க வேண்டும். இரைச்சல் இன்னும் குறையட்டும் என்று 100, 220 என்று பெரிய கண்டென்சரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈசெட்80-க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு எல்லை 50 மைக்ரோ ஃபாரட். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சுழற்சியிலும் வால்வு பெரிய கரண்டை ஒரே மூச்சில் கக்க வேண்டிவரும், எலக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடின் பூச்சு அதில் உரிந்து போகும். டயோடு ரெக்டிஃபையர் பழக்கத்தில் வால்வு செட்டுக்குள் கை வைக்கக்கூடாது.

சரி, இனிதான் விஷயம். ரெக்டிஃபையரைச் சொருகி, சீரிஸ் பல்போடு கொஞ்ச நேரம் ஓட்டி, எதுவும் மோசமில்லை என்றதும் நேர் மெயின்ஸில் போட்டேன். மீட்டரின் கறுப்பு முனை சேஸிஸில் கிளிப், சிவப்பு முனை ஒரு கையில், இன்னொரு கை பாக்கெட்டில். ஈஎல்84-க்கு 2-வது பின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட், 3 கேத்தோடு, 7 கரண்ட் போய்ச் சேரும் பிளேட், 9 இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்கிரீன். கிரிட்டில் சேஸிஸைப் பொறுத்து பூஜ்யம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சற்று மைனஸ். ஸ்விட்ச் போட்டு வால்வு சூடானதும் 1.9 வோல்ட், பிளஸ். கண்ணெதிரே ஏற ஆரம்பித்தது. செட் நன்றாகச் சூடாகிப் பாட்டு கரகரக்கத் தொடங்கிய நேரத்தில் 7.1 வோல்ட்டில் நின்றது.

மற்ற பின்கள்: கேத்தோடில் 10.8 வோல்ட், அதன் கீழே 150 ஓம். 10.8-ஐ 150-ஆல் வகுத்தால் 72 மில்லி ஆம்பியர். இந்த வால்வு 250 வோல்ட் பிளேட்டில் சாதாரணமாக எடுப்பது பிளேட்டுக்கு 48, ஸ்கிரீனுக்கு ஐந்தரை. பிளேட்டில் 213 வோல்ட் இருந்தது, கேத்தோடைக் கழித்தால் 202, ஸ்கிரீன் பங்கு போக பிளேட் கரண்ட் 64 என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 13 வாட். ஈஎல்84-ன் பிளேட் தாங்கும் எல்லை 12 வாட். தினமும் எல்லையைத் தாண்டி வெந்தால் புது வால்வாக இருந்தால் என்ன, பழைய வால்வாக இருந்தால் என்ன. அதோடு மற்ற வால்வுகள் எடுக்கும் சுமார் 25 மில்லி ஆம்பியரைச் சேர்த்தால் மொத்தம் 97, ஈசெட்80 கொடுக்கக்கூடியது 90 மட்டுமே. அவுட்புட் வால்வு மட்டுமில்லை, ரெக்டிஃபையரும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தே வெந்துகொண்டிருந்தன.

கிரிட்டில் பிளஸ் வோல்ட்டேஜ் வர இரண்டு வழிதான் உண்டு. முந்தைய வால்வான ஈபிசி81-ன் பிளேட்டிலிருந்து ஆடியோவை மட்டும் கடத்தி டிசியைத் தடுக்க ஒரு 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் இருக்கிறது, அது கசியலாம். அல்லது ஈஎல்84-க்குள்ளேயே வாயு தங்கியோ கிரிட் கெட்டோ அதுவே கரண்டைத் தள்ளலாம். எது என்று தெரிந்துகொள்ள ரேடியோவை அணைத்து, ஃபில்ட்டரை ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்து, கண்டென்சரின் கிரிட் பக்கத்துக் காலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கிரிட் பூஜ்யத்துக்கு வந்தது, செட் நன்றாகச் சூடான பிறகும் பூஜ்யத்திலேயே நின்றது. வால்வின் மேல் குற்றம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஈபிசி81 பிளேட்டில் 85 வோல்ட், கிரிட்டிலிருந்து சேஸிஸுக்கு 680 கிலோ ஓம், கிரிட்டில் 7.1 வோல்ட் வர வேண்டுமென்றால் கண்டென்சர் ஏழரை மெகா ஓம் ரெசிஸ்டராக நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இதை முன்னால் பார்த்தவர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், அந்தக் கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 11 நானோ ஃபாரட் காட்டுகிறது, அச்சடித்ததற்கு ரொம்பப் பக்கம். ஓம் ரேஞ்சில் வைத்தாலும் திறந்திருப்பதாகத்தான் காட்டுகிறது. மீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டில் சோதிக்கிறது, செட்டுக்குள் அது 85 வோல்ட்டில், சூட்டில் வேலை செய்கிறது. கசிவை அது வேலை செய்யும் நிலையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ரேடியோவின் ஹெச்டி (உயர் டிசி வோல்ட்டேஜ்) லைனையே எடுத்து, கண்டென்சரின் ஒரு காலில் கொடுத்து, மறு காலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகா ஓம், ஆகவே அதில் தெரிகிற ஒவ்வொரு பத்து வோல்ட்டும் ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிவு. 250 வோல்ட் கொடுத்ததும் இந்தக் கண்டென்சர் 60 வோல்ட் சுமாரில் நின்றது. டேபிள் லாம்ப்பைப் பக்கத்தில் கொண்டுபோய் உடம்பு வெதுவெதுப்பாகும் வரை வைத்தேன், ரீடிங் ஊர்ந்து ஊர்ந்து 140-க்குப் போனது. பத்து நிமிஷம் நன்றாகப் பாடி அப்புறம் கரகரத்ததன் காரணம் முழுக்க அந்த மீட்டரில் தெரிந்தது. அதே இடத்தில் புது ஃபிலிம் கண்டென்சரை வைத்தபோது ஒரு துள்ளு துள்ளி, இறங்கி, பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. துண்டித்த கால்களைக் கையால் தொடாதீர்கள், 250 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம்.

பழைய கண்டென்சரைக் கத்தியால் நீளவாக்கில் வகுந்து அண்ணனுக்குக் காட்டினேன். வெளியே மெழுகு, உள்ளே ஈயப் பேப்பரும் சாதாப் பேப்பரும் மாறி மாறிச் சுற்றிய சுருள். ஓரத்தில் மெழுகு வெடித்திருந்த பக்கம் பேப்பர் டீத்தூள் நிறத்துக்குப் போயிருந்தது, விரலில் தேய்த்தால் ஈரமான பிசுக்கு. பேப்பர் ஈரத்தை உறிஞ்சும், அதுதான் பேப்பரின் குணம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் துணி காயாத நாட்கள் அடுத்தடுத்து வரும், மற்ற மாதங்களிலும் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும். இதே செட் கோயம்புத்தூரில் இருந்திருந்தால் அந்தக் கண்டென்சர் இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மலைச் செட் என்றால் மெழுகுப் பேப்பர் கண்டென்சர் எதையும் நான் நம்புவதில்லை, அதிலும் டிசியைத் தடுக்கும் இடத்தில் இருப்பதை ஒரு நாளும் விட்டுவைப்பதில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கி மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஒரு பை நிறைய கண்டென்சரை வாங்கி வந்து ஒரே உட்காரலில் மாற்றிவிட்டு ஸ்விட்ச் போடுகிறார்கள். அதற்குப் பிறகு செட் பேசவில்லையென்றால் பழைய கோளாறா, புதிதாகச் செய்த கோளாறா என்று சொல்லவே முடியாது. ஒன்றை மாற்று, ஸ்விட்ச் போடு, அளந்து பார், எழுதி வை, அடுத்ததற்குப் போ. நேரம் பிடிக்கும், ஆனால் எந்த மாற்றம் எதைச் சரி செய்தது என்று நோட்டில் இருக்கும்.

அந்த வரிசையில் அடுத்து மாற்றியது அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரியின் பிளேட் முனையில் இருந்த 4.7 நானோ ஃபாரட். இது டோனுக்காக இருக்கும் சின்னக் கண்டென்சர், பார்த்தால் ஒன்றும் இல்லாதது போல் இருக்கும், ஆனால் சத்தத்தை ஏற்றும்போது அங்கே எழும் வோல்ட்டேஜ் ஹெச்டியையும் தாண்டித் துள்ளும். இங்கே 630 வோல்ட் போதாது, 1600 வோல்ட் போட்டேன். இந்த செட்டில் அது நேராக பிளேட்டிலிருந்து சேஸிஸுக்குக் கட்டப்பட்டிருந்தது, அது ஷார்ட் ஆனால் பிரைமரி எரிந்துவிடும். இந்த இம்பீடன்ஸுக்குப் பொருத்தமான டிரான்ஸ்பார்மரைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவையும் பெங்களூரு எஸ்பி ரோட்டையும் சுற்ற வேண்டிவரும்.

ஈசிஹெச்81, ஈஎஃப்89 இரண்டின் ஸ்கிரீனுக்கும் பொதுவாக இருந்த 0.05 கண்டென்சரும் கசிந்தது. ஸ்கிரீனில் வெறும் 40 வோல்ட்தான் இருந்தது. அதற்கு வழிவிடும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பார்த்தால் நிறவளையங்கள் பழுத்து, அளவு 52 கிலோ ஓமுக்குப் போயிருந்தது. மறுபடி அதே பாடம்: ரெசிஸ்டர் தானாகப் பழுக்கவில்லை, கண்டென்சர் கசிந்து அதன் வழியாகக் கூடுதல் கரண்டை இழுத்ததில் வெந்தது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் வெந்திருக்கும். ஸ்டேஷனின் வலுவுக்கேற்ப சத்தத்தைத் தானாக அடக்கும் ஏவிசி லைனில் இருந்த 0.1-உம் இதே கதை. அது கசிந்தால் வலுவான ஸ்டேஷன் வரும்போது செட் தன்னை அடக்கிக்கொள்ளாது, ஈஎம்84-ன் பச்சைக் கோடுகளும் நெருங்கி வராது. மாற்றியதும் திருச்சி 936-இல் கோடுகள் இரண்டும் கிட்ட வந்து நின்றன, அதற்கு முன் அவை அசைந்ததே இல்லை.

பழைய மதிப்புகளைப் புது கடையில் கேட்கும்போது 0.01 என்றால் 10 நானோ, 0.05-க்கு 47 நானோ, 0.1-க்கு 100 நானோ என்று கேளுங்கள். இந்த இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெடாது, வோல்ட்டேஜ் மட்டும் 400-க்குக் கீழே வாங்காதீர்கள், நான் எல்லாமே 630 போட்டேன்.

ரெசிஸ்டர்களில் கார்பன் வகை வயதானால் பெரும்பாலும் மேலே ஏறும். ஒரு காலை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அளந்தேன், இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியதை மட்டும் மாற்றினேன். ஈபிசி81 பிளேட்டின் 220 கிலோ ஓம் 340 ஆகியிருந்தது, மாற்றினேன், சத்தம் நன்றாகத் தெளிந்தது. ஈஎல்84 கேத்தோடின் 150 ஓம் கருகி நிறமே தெரியாமல் இருந்தாலும் 163-தான் காட்டியது. அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் வெந்த ரெசிஸ்டரை அந்த இடத்தில் விட மனசு வரவில்லை, 2 வாட்டில் புதியது போட்டேன். அதன் பக்கத்துப் பைபாஸ் எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து அளவே காட்டவில்லை, அதையும் மாற்றினேன்.

தொடாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். ஐஎஃப் டப்பாக்களுக்குள் இருந்த மைக்கா, செட்டுக்குள்ளேயே கலப்பதற்கான அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் காயிலைச் சுற்றியிருந்த செராமிக், ஸ்டைரோஃப்ளெக்ஸ் எதையும் தொடவில்லை. அவை கெடுவது அரிது, மாற்றினால் டயல் முழுக்க இடம் மாறிப்போகும். ஐஎஃப் கோர்களையும் திருகவில்லை. செட் ஸ்டேஷன் பிடிக்கவில்லை என்றதும் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கோர்களைத் திருகுகிறவர்கள்தான் பழைய ரேடியோவின் முதல் எதிரி என்பது என் கருத்து, வேறு எந்தக் கோளாறையும்விட அதைச் சரி செய்வதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

மீடியம் வேவ் இவ்வளவில் நன்றாகிவிட்டது. ஷார்ட் வேவ் மேல் பேண்டில் மட்டும் பாதி டயலுக்கு மேல் மௌனம். இது பெரியவருக்கு முக்கியமான பேண்ட், இலங்கை வானொலியைத் தேடித் தேடிக் கேட்ட இடம் அது. ஆசிலேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஈசிஹெச்81-ன் ஆசிலேட்டர் கிரிட்டில் மைனஸ் வோல்ட்டேஜ் அளப்பார்கள். 47 கிலோ ஓம் வழியாக 200 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டும், அதாவது மைனஸ் ஒன்பது வோல்ட்டுக்குச் சற்று மேல். மீடியம் வேவில் அது இருந்தது. ஷார்ட் வேவில் மைனஸ் இரண்டு, டயலைத் திருப்பத் திருப்ப அதுவும் செத்துவிட்டது. ஈசிஹெச்81 தளர்ந்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாம், அப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் உண்டு. என்னிடம் நல்ல ஈசிஹெச்81 ஒன்று இருந்தது, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. சொருகிப் பார்த்தேன், ரீடிங்கில் மாற்றமே இல்லை. பழையதையே திரும்ப வைத்துவிட்டு ஆசிலேட்டர் பிளேட்டின் ரெசிஸ்டரை அளந்தேன், அதுவும் ஏறியிருந்தது. மாற்றியதும் கொஞ்சம் தேறியது. மீதி, பேண்ட் சுவிட்சில் இருந்தது: அடுப்புக்கரியும் ஈரமும் சேர்ந்து பட்டைகளின் மேல் ஒரு படலம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு தொடுபுள்ளியையும் துடைத்து, சுவிட்சைப் பல தடவை திருப்பி, கடைசியில் காண்டாக்ட் கிளீனரை ஊசி முனையில் ஒரு சொட்டு. ஸ்ப்ரேயைப் பீய்ச்சி அடித்தால் பேக்கலைட் தகடு எண்ணெய் குடித்துக்கொள்ளும், அது வேறு தலைவலி. இப்போது ஷார்ட் வேவில் மைனஸ் ஏழு, டயல் முழுக்க உயிர்.

கடைசியாக வோல்ட்டேஜ் செலக்டர். பின்பக்கம் 110-லிருந்து 245 வரை தட்டுகள், 220-இல் வைத்திருந்தார்கள். பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கும் மலைதான் இது, ஆனாலும் எங்கள் பக்கம் மத்தியானத்தில் 240-ஐத் தாண்டும், சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போட்டதும் 200-க்குக் கீழே இறங்கும். வால்வின் ஹீட்டருக்கு அதிக வோல்ட்டேஜ் கெடுதல், எனவே உச்சத்தைப் பார்த்து 245 தட்டில் வைத்தேன். மெயின்ஸ் 240 இருக்கும்போது ஹீட்டரில் 6.2 வந்தது. சாயங்காலம் சத்தம் கொஞ்சம் குறையும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

முடித்த பிறகு எடுத்த ரீடிங்குகள்: ஹெச்டி 250, ஈஎல்84 பிளேட் 238, கேத்தோடு 6.8, கிரிட் பூஜ்யம். கேத்தோடு கரண்ட் 45 மில்லி ஆம்பியர், செட் மொத்தமும் 70, ஈசெட்80 தன் எல்லைக்குள். பெஞ்சிலேயே நீண்ட நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தேன், எதுவும் நகரவில்லை. வால்வு ஒன்றுகூட மாற்றவில்லை. மூன்றாவதாக வாங்கிப் போட்டிருந்த ஈஎல்84-தான் இன்றும் ஓடுகிறது, வெந்ததில் அதன் ஆயுள் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. அத்தனை வால்வுகளையும் தின்ற அந்தக் கண்டென்சரின் இடத்தில் இருப்பது சில ரூபாய் பெறும் மஞ்சள் ஃபிலிம் கண்டென்சர்.

ஈஎம்84 பகலில் மங்கல்தான், இரவில்தான் பச்சை தெரிகிறது. அதை மாற்றச் சொல்லவில்லை. பாடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். கழற்றிய பாகங்களை எல்லாம் கவரில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி, ரீடிங் தாளோடு பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்து இந்தச் செட்டைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஈஎல்84-ன் 2-வது பின்னை அளந்து, தாளில் இருக்கும் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும். அடுப்படி அலமாரியிலிருந்து முன்னறைக்கு மாற்றி வையுங்கள், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும், மழை மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் போட்டு விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.